நான்கு சார்ட்டுகளில் தரவுக் காட்சிப்படுத்தல்: இணையத்தில் செய்து பழக ஒரு வழிகாட்டி

இணையத்தில் தரவுக் காட்சிப்படுத்தல் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுபோகிறார்கள். ஒரு கோர்ஸ் முடிகிறது, சான்றிதழ் வருகிறது, பாடத்தில் போட்ட சார்ட்டையெல்லாம் அப்படியே திரும்பப் போடவும் முடிகிறது. ஆனால் அரசுத் தளத்தில் இறக்கிய ஒரு எக்செல் கோப்பைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. காரணம் எளியது. பாடங்களில் தரப்படும் தரவு முன்பே கழுவித் துடைக்கப்பட்டது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதையும் பாடமே சொல்லிவிடுகிறது. உண்மையான வேலையில் முக்கால் பங்கு இந்த இரண்டிலும்தான் கழிகிறது. சார்ட் போடுவது கடைசி அரைமணி நேரம்.

அதனால் இந்த வழிகாட்டி கோர்ஸ்களின் பட்டியல் அல்ல. நான்கு செய்முறைத் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு அட்டவணை, ஒரு படம். வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரத்தில் முடிக்கலாம்: முதலாவதற்கு ஒரு வாரம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று, நான்காவதற்கு இரண்டு. பாட வீடியோக்களை வழியில் தடுமாறும்போது மட்டும் தேடிப் பாருங்கள். முட்டி நின்ற பிறகு பார்க்கும் பத்து நிமிட வீடியோ, முன்கூட்டியே பார்த்த பத்து மணி நேரத்தைவிட மனதில் நிற்கும்.

தமிழில் ‘வரைபடம்’ என்ற சொல் கிராஃபுக்கும் மேப்புக்கும் சேர்ந்தே வழங்குகிறது. குழப்பம் வராமல் இருக்க இங்கே சார்ட், மேப் என்றே எழுதுகிறோம்.

தேவையானவை

கூகுள் கணக்கு ஒன்று, டேட்டாராப்பர் (சார்ட், மேப் போடும் தளம்) கணக்கு ஒன்று, கேகிள் (பைத்தான் பழகும் தளம்) கணக்கு ஒன்று. மூன்றும் இலவசம். மூன்றும் பிரவுசரிலேயே ஓடும் என்பதால் எதையும் நிறுவத் தேவையில்லை, பழைய லேப்டாப் போதும். போனில் சார்ட்டைப் பார்க்கலாம். தரவைச் சரிசெய்யும் வேலையைப் போனில் செய்ய முயல வேண்டாம், இரண்டாயிரம் வரிசைகளில் ஒரு தவறான எண் அந்தத் திரையில் கண்ணுக்குப் படாது.

டேப்லோ, பவர் பிஐ இரண்டும் வேலைக்கு உதவும் சார்ட் கருவிகள்தான், ஆனால் அவற்றோடு தொடங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பொத்தான்கள் மிக அதிகம். எது கருவியின் சிக்கல், எது உங்கள் தரவின் சிக்கல் என்று புதியவருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும்.

முதல் திட்டம்: ஒரே ஒரு கோடு

கேள்வி: வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு 1958 முதல் எப்படி மாறியிருக்கிறது?

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனமும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பும் மாதவாரி எண்களை இலவசமாக வெளியிடுகின்றன. சில நூறு வரிசைகள்தான். ஆனால் புதியவர் சந்திக்க வேண்டிய மூன்று பொறிகள் இந்தச் சிறிய கோப்பிலேயே இருக்கின்றன.

ஸ்கிரிப்ஸ் தளத்திலிருந்து மாதவாரி சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி, கூகுள் ஷீட்ஸில் ‘ஃபைல்’, ‘இம்போர்ட்’ வழியாக ஏற்றுங்கள். மேலே பல வரிகளுக்கு எண்ணே இருக்காது, விளக்கம்தான் இருக்கும். அதுதான் முதல் பொறி. அவற்றை அழித்துவிடத் தோன்றும். அழிக்குமுன் முழுதாகப் படியுங்கள், அலகு என்ன, எந்தப் பத்தி (அட்டவணையின் செங்குத்து வரிசை) நேரடி அளவீடு, எந்தப் பத்தி பருவ ஏற்ற இறக்கம் நீக்கிய கணக்கீடு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பிறகு அந்த வரிகளை இன்னொரு தாளுக்கு நகர்த்திவிட்டு, பத்திப் பெயர்களும் எண்களும் மட்டும் உள்ள தாளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களைத் தேர்ந்தெடுத்து ‘இன்சர்ட்’, ‘சார்ட்’ கொடுத்தால் விசித்திரமான படம் ஒன்று வரும். கோடு மேலே ஓடிக்கொண்டிருக்கும், ஆங்காங்கே செங்குத்தாக அதலபாதாளத்தில் விழும். அளவீடு இல்லாத மாதங்களுக்கு அந்தக் கோப்பு -99.99 என்று எழுதுகிறது. 1958 ஜனவரி, பிப்ரவரியிலேயே இதைக் காணலாம், அளவீடு அப்போது தொடங்கவில்லை. கணினிக்கு அது வெறும் எண். இதுதான் இரண்டாவது பொறி. ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ திறந்து, செல்லின் முழு உள்ளடக்கமும் பொருந்த வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டு, -99.99 ஐ வெற்றிடமாக மாற்றுங்கள். பூஜ்யம் போடாதீர்கள். ‘அளக்கவில்லை’ என்பதும் ‘பூஜ்யம்’ என்பதும் வேறு வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மறந்து வெளியான தவறான சார்ட்டுகள் ஏராளம்.

மூன்றாவது பொறி தேதி. ஆண்டு ஒரு பத்தியிலும் மாதம் இன்னொரு பத்தியிலும் இருக்கும். ஆண்டை மட்டும் கிடை அச்சில் வைத்தால் ஒவ்வொரு ஆண்டின் 12 புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். புதிய பத்தி ஒன்றில் ‘டேட்’ சூத்திரத்தால் ஆண்டு, மாதம், 15 ஆம் நாள் மூன்றையும் சேர்த்து ஒரே தேதியாக்குங்கள். மாதச் சராசரி என்பதால் நடுநாளில் வைப்பது பொருத்தம்.

இப்போது கோடு சரியாக வரும்: ரம்பப் பல்லாக ஏறி இறங்கியபடி மேலே போகும் கோடு. மே மாதத்தில் உச்சம், பிறகு வட அரைக்கோளத்தின் தாவரங்கள் வளரும் கோடையில் இறக்கம். 1959 இன் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 316 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 2023 இல் 421. கோடு எங்காவது இந்த எல்லைகளை வெகுவாகத் தாண்டினால் இன்னும் ஏதோ தவறு மிச்சமிருக்கிறது. நன்கு அறியப்பட்ட ஓர் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை இந்த முதல் சார்ட்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டுமா? இங்கே வேண்டாம். கோட்டுச் சார்ட்டில் கண் படிப்பது சரிவை. 300 இல் தொடங்கினால்தான் பருவ ஏற்ற இறக்கம் தெரியும். பட்டைகளாகக் காட்டும் பார் சார்ட்டுக்கு விதி வேறு, அடுத்த திட்டத்தில் பார்ப்போம்.

கடைசியாக, நீக்கும் வேலை. ஒரே கோடு இருக்கும் சார்ட்டுக்கு லெஜண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கப் பெட்டி) தேவையில்லை. கட்டக் கோடுகள் நான்கைந்து போதும், அதுவும் வெளிறிய சாம்பலில். கோட்டின் இரண்டு முனைகளிலும் எண்ணை எழுதுங்கள். தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி.

இரண்டாவது திட்டம்: 32 மாவட்டங்கள், இரண்டு புள்ளிகள்

இரண்டு வாரம் இதற்கென்று சொன்னது சும்மா இல்லை. நான்கில் அதிகம் கற்றுத் தருவது இதுதான்.

கேள்வி: தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி எங்கே பெரிது, எங்கே சிறிது? தரவு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021 இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் மாவட்ட அளவில் முழுமையான எண்ணிக்கைக்கு இன்றும் அதையே நாட வேண்டியிருக்கிறது. கணக்கெடுப்புத் தளத்தில் ‘பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்’ என்று தேடி, மாநில எண் 33 க்கு உரிய அட்டவணையை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2011 எண்கள் இரண்டு பதிப்புகளாக உலவுகின்றன: முதலில் வந்த தற்காலிக எண்கள், பின்னர் வந்த இறுதி எண்கள். தமிழ்நாட்டின் எழுத்தறிவு தற்காலிகப் பதிப்பில் 80.33 சதவீதம், இறுதிப் பதிப்பில் 80.09. பல இணையப் பக்கங்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. பாதி மாவட்டங்களை ஒன்றிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் வரும் இடைவெளிகள் பொய்யானவை. அதனால்தான் மூலக் கோப்பிலிருந்தே எடுங்கள் என்கிறோம்.

கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று வரிசைகள் இருக்கும்: மொத்தம், ஊரகம், நகரம். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் மக்கள்தொகை இரட்டிப்பாகிவிடும். வடிகட்டியில் ‘டோட்டல்’ மட்டும் வைத்து, நிலைப் பத்தியில் ‘டிஸ்ட்ரிக்ட்’ மட்டும் தேர்ந்தெடுங்கள். 32 வரிசைகள் மிஞ்ச வேண்டும். 33 இருந்தால் மாநில மொத்தம் உள்ளே நுழைந்திருக்கிறது.

அடுத்து எண்கள் உண்மையிலேயே எண்கள்தானா என்று பாருங்கள். கூகுள் ஷீட்ஸில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வேறு தளத்திலிருந்து ஒட்டியெடுத்த 7,21,47,030 போன்ற இந்தியக் காற்புள்ளி எண்களைச் சில கருவிகள் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது கூட்டினால் பூஜ்யம் வரும், சார்ட்டும் காலியாக நிற்கும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டுத் தொடருங்கள்.

இப்போது விகிதம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இந்தியக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. எனவே:

எழுத்தறிந்தோர் ÷ (மொத்த மக்கள்தொகை − 6 வயது வரையிலான குழந்தைகள்) × 100

பத்திப் பெயரின் முடிவில் ‘லிட்’ என்று இருப்பது எழுத்தறிந்தோர், ‘06’ என்று இருப்பது குழந்தைகள். மாநில எண்களில் போட்டுப் பாருங்கள்: எழுத்தறிந்தோர் 5,18,37,507. மொத்தம் 7,21,47,030. குழந்தைகள் 74,23,832. விடை 80.09 வர வேண்டும். குழந்தைகளைக் கழிக்காமல் வகுத்தால் 71.85 வரும். எட்டு சதவீதப் புள்ளிக்கும் மேல் பிழை, அதுவும் குழந்தைகள் அதிகம் உள்ள மாவட்டங்களைக் கூடுதலாகத் தாழ்த்திக் காட்டும் பிழை. சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது வெளியே தெரியாது. மாநில விடை பொருந்திய பிறகு அதே சூத்திரத்தை ஆண், பெண் பத்திகளுக்கு இழுத்து நிரப்புங்கள். மாநில அளவில் ஆண் 86.77, பெண் 73.44 என்று வர வேண்டும்.

இன்னொரு சறுக்கல்: 32 மாவட்ட விகிதங்களைக் கூட்டி 32 ஆல் வகுத்தால் மாநில விகிதம் கிடைக்காது. 46 லட்சம் பேர் இருந்த சென்னையும் 7 லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த நீலகிரியும் அந்தச் சராசரியில் சம எடை பெற்றுவிடும். மாநிலக் கோடு ஒன்றைச் சார்ட்டில் காட்ட வேண்டுமென்றால் மேலே கண்ட நேரடிக் கணக்கையே பயன்படுத்துங்கள்.

எந்த வகைச் சார்ட்? பழக்கத்தால் கை பார் சார்ட்டுக்குப் போகும். 32 மாவட்டம், ஆளுக்கு இரண்டு பார், மொத்தம் 64 பார்கள். கண் எதைப் பிடித்துக்கொள்ளும்? வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெகிலும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டும்: பொது அச்சில் புள்ளியின் இடத்தை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். நீளம், கோணம், பரப்பு, நிறச்செறிவு என்று போகப் போகத் துல்லியம் குறைகிறது. எனவே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வரி, அதில் ஆணுக்கு ஒரு புள்ளி, பெண்ணுக்கு ஒரு புள்ளி, நடுவே மெல்லிய கோடு. இடைவெளியே கோட்டின் நீளமாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பார் சார்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாரில் கண் படிப்பது நீளத்தை, அதனால் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். கன்னியாகுமரி 91.75, தர்மபுரி 68.54. இரண்டுக்கும் பார் போட்டு அச்சை 60 இல் தொடங்கினால் ஒரு பார் மற்றதைப்போல ஏறக்குறைய 3.7 மடங்கு நீளும். உண்மையான விகிதமோ 1.34 மடங்கு. புள்ளிச் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, 50 இல் தொடங்கலாம்.

டேட்டாராப்பரில் வேலை நான்கு படிகளில் முடியும்:

1. ‘அப்லோடு டேட்டா’ பகுதியில் மூன்று பத்திகளை மட்டும் ஒட்டுங்கள்: மாவட்டம், பெண், ஆண்.
2. ‘செக் அண்ட் டிஸ்கிரைப்’ பகுதியில் பெண், ஆண் பத்திகள் இரண்டும் எண்ணாக அடையாளம் காணப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பில் காட்டப்படும் செல் இருந்தால் அங்கே எழுத்தோ தேவையற்ற குறியோ ஒட்டியிருக்கிறது.
3. ‘விஷுவலைஸ்’ பகுதியில் ‘டாட் பிளாட்’ தேர்ந்தெடுத்து, பெண் விகிதத்தின்படி வரிசைப்படுத்துங்கள். அகரவரிசை வேண்டாம், அது மாவட்டம் தேட உதவும், ஒப்பிட உதவாது.
4. தலைப்பு, துணைத் தலைப்பு, மூலம் எழுதி ‘பப்ளிஷ்’ செய்யுங்கள். இலவசக் கணக்கிலேயே பிஎன்ஜி படமாக இறக்கிக்கொள்ளலாம்.

தலைப்பில் நேரம் செலவிடுங்கள். ‘மாவட்டவாரி எழுத்தறிவு விகிதம், 2011’ என்பது கோப்பின் பெயர், தலைப்பு அல்ல. ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுத்தறிவில் 13 புள்ளி இடைவெளி: மாவட்டவாரியாக 2011’ என்றால் படிப்பவர் எதைத் தேட வேண்டும் என்று உடனே தெரியும். இங்கே ஒரு சொல் நுணுக்கம்: 86.77 க்கும் 73.44 க்கும் உள்ள வேறுபாடு 13.33 சதவீதப் புள்ளி. ‘13 சதவீதம் குறைவு’ என்று எழுதினால் தவறு, பத்திரிகைகளிலும் இந்தத் தவறு அடிக்கடி வருகிறது.

நிறத்துக்குச் சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிர்க்கவும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், ஆண்களில் குறிப்பாக. நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்ற பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. டேட்டாராப்பரிலேயே நிறக்குறைபாடு உள்ளவருக்குச் சார்ட் எப்படித் தெரியும் என்று சோதிக்கும் வசதி இருக்கிறது, வெளியிடுமுன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மூன்றாவது திட்டம்: அதே தரவு, மேப்பில்

புதிய தரவு வேண்டாம். இரண்டாவது திட்டத்தின் பெண் எழுத்தறிவுப் பத்தியையே மேப்பில் நிறமாகக் காட்டுங்கள். டேட்டாராப்பரில் ‘கோரோபிளெத்’ என்பது இதற்கான வகை. தயார் மேப்புகளில் உங்களுக்கு வேண்டியது இல்லையென்றால் எல்லைக் கோடுகள் அடங்கிய ஜியோஜேசன் கோப்பை நீங்களே ஏற்றலாம். கோப்பு பெரிதாக இருந்தால் மேப்ஷேப்பர் தளத்தில் போட்டு எல்லைக் கோடுகளை எளிமையாக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றியவுடன் சில மாவட்டங்கள் சாம்பலாக நிற்கும். பெயர் பொருந்தவில்லை என்று அர்த்தம். கணக்கெடுப்புக் கோப்பு கன்னியாகுமரியை ஆங்கிலத்தில் இரண்டு ‘என்’ போட்டு எழுதுகிறது, தூத்துக்குடியை இரண்டு ‘கே’ போட்டு எழுதுகிறது, விழுப்புரத்துக்கு இரண்டு ‘பி’, நீலகிரிக்கு முன்னால் ஒரு ‘தி’. மேப் கோப்பில் வேறு விதமாக இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்துங்கள், அல்லது மாவட்ட எண் இரண்டிலும் இருந்தால் பெயரை விட்டுவிட்டு எண்ணால் இணையுங்கள்.

பெயர்ச் சிக்கலை முடித்த பிறகும் ஆறு மாவட்டங்கள் சாம்பலாகவே இருந்தால் அது வேறு சிக்கல். 2011 இல் 32 மாவட்டங்கள். இன்று 38. 2019 இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை பிரிந்தன, 2020 இல் மயிலாடுதுறை. இன்றைய மேப்பில் 2011 தரவை ஒட்டினால் இந்த ஆறுக்கும் எண் கிடையாது. இன்னும் மோசமானது, விழுப்புரம் என்ற பெயர் பொருந்திவிடும், ஆனால் அந்த எண் கள்ளக்குறிச்சியையும் சேர்த்த பழைய விழுப்புரத்துக்கு உரியது. கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

சரியான வழி இரண்டு. 2011 எல்லைகள் கொண்ட மேப் கோப்பைத் தேடி எடுப்பது ஒன்று. கிடைக்காவிட்டால் மேப்ஷேப்பரில் புதிய மாவட்டத்தைத் தாய் மாவட்டத்தோடு இணைத்து, வரும் எல்லை பழைய மேப்புடன் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவது இன்னொன்று. தாய் மாவட்டத்தின் விகிதத்தைப் புதிய மாவட்டத்துக்கும் நகலெடுத்துப் போடுவது வழியல்ல. இல்லாத அளவீட்டை உண்டாக்குவது அது.

நிறத்துக்கு ஒரே வண்ணம், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை, ஐந்து அல்லது ஆறு படிகள். கலர்புரூவர் தளத்தில் மேப்புக்கென்றே தேர்ந்த நிற வரிசைகள் கிடைக்கும். படிகளின் எல்லைகளை 60, 65, 70 என்று முழு எண்களில் வையுங்கள்.

முடிந்ததும் மேப்பையும் புள்ளிச் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேப்பில் எந்தப் பகுதி சேர்ந்தாற்போல வெளிறியிருக்கிறது என்று தெரிகிறது, புள்ளிச் சார்ட்டில் அது தெரியாது. ஆனால் மேப்பில் ஆண், பெண் இடைவெளி காணாமல் போய்விட்டது. சென்னையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது: 2011 இல் அது 175 சதுர கிலோமீட்டர்தான், நீலகிரியோ 2,500 க்கும் மேல். மக்கள் எண்ணிக்கையில் சென்னை ஆறு மடங்கு. மேப் நிலத்துக்கு எடை கொடுக்கும், மனிதர்களுக்கு அல்ல. எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்பதை ஒரே தரவில் இரண்டு படம் போட்டுப் பார்த்தவருக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது திட்டம்: பைத்தானில் அதே வேலை

பைத்தான் ஒரு நிரல்மொழி. ஏன் குறியீடு, அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகள்? 2011 கோப்போடு 2001 கோப்பையும் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்ஸில் எல்லாப் படியையும் மறுபடி கையால் செய்ய வேண்டும். குறியீட்டில் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பத்திப் பெயர்களை ஒருமுறை சரிபார்த்தால் போதும். எந்தப் படியில் என்ன செய்தீர்கள் என்ற பதிவும் தானாகவே இருக்கும்.

கேகிள் தளத்தின் ‘லேர்ன்’ பகுதியில் பைத்தான், பாண்டாஸ் (அட்டவணையைக் கையாளும் பைத்தான் தொகுப்பு), டேட்டா விஷுவலைசேஷன் என்ற மூன்று சிறு பாடங்கள் இலவசம், இதே வரிசையில் செய்யுங்கள். காட்சிப்படுத்தல் பாடம் சீபார்ன் நூலகத்தை (சார்ட் போட உதவும் தயார் குறியீட்டுத் தொகுப்பு) கற்றுத் தருகிறது. பாடத்தின் நடுவில் சீபார்னோடு வரும் ‘ஆன்ஸ்கோம்’ தரவைத் திறந்து பாருங்கள். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973 இல் அமைத்த நான்கு குழுக்கள் அவை, ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒன்றே, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) ஏறத்தாழ 0.816. படம் போட்டால் ஒன்று நேர்கோட்டைச் சுற்றிச் சிதறியது, ஒன்று வளைவு, ஒன்றில் தனித்து விலகிய ஒரே புள்ளி, இன்னொன்று செங்குத்தாக அடுக்கியது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

பிறகு இரண்டாவது திட்டத்தை முழுவதுமாகப் பாண்டாஸில் மறுபடி செய்யுங்கள்: கோப்பைப் படி, ‘டோட்டல்’ வரிசையை வடிகட்டு, விகிதம் கணக்கிடு, வரிசைப்படுத்து, புள்ளிச் சார்ட் போடு. விடைகள் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதால் தவறு உடனே தெரியும். சாட்ஜிபிடி போன்ற உதவியாளர்களிடம் குறியீடு கேட்பதில் தவறில்லை. ஆனால் மூன்று வரிசைகளில் ஒன்றை மட்டும் வடிகட்ட வேண்டும், குழந்தைகளைக் கழிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் அது விட்டுவிடக்கூடும். விடை 80.09 வருகிறதா என்பதே சோதனை.

தமிழில் சார்ட் போடுகிறவர்கள் இங்கே ஒரு சுவரில் முட்டுவார்கள். மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் நூலகம், அதன் மேல் கட்டிய சீபார்ன் இரண்டிலும் மாவட்டப் பெயர்களைத் தமிழில் எழுதினால் வெறும் கட்டங்கள் வரும். இயல்பாக வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றினால் கட்டங்கள் போய்விடும், ஆனால் ‘சென்னை’, ‘கோயம்புத்தூர்’ போன்ற பெயர்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். குற்றம் எழுத்துருவில் இல்லை. தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் படியை மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் செய்வதில்லை. இதற்கு எளிய தீர்வு, பிரவுசரில் படம் வரையும் நூலகத்துக்கு மாறுவது: பிளாட்லி அல்லது ஆல்டேர். பிரவுசர் தமிழை ஒழுங்காகவே வடிவமைக்கும். மேட்பிளாட்லிப்பையே விடக்கூடாது என்றால் எழுத்தே இல்லாமல் எஸ்விஜி என்ற திருத்தக்கூடிய படக் கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து பெயர்களைச் சேர்க்கலாம். 32 பெயருக்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தாலும் குப்பையான குறிகள் வரலாம். கோப்பு கெடவில்லை. எக்செலில் ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகத் திறந்து, குறியாக்கமாக (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். குப்பையாகத் தெரியும் நிலையிலேயே சேமித்துவிட்டால் மட்டும் உண்மையிலேயே கெட்டுவிடும்.

பிறர் கண்ணில் காட்டுதல்

ஒவ்வொரு திட்டம் முடிந்ததும், தரவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சார்ட்டை ஐந்து விநாடி காட்டுங்கள். போன் திரையிலேயே காட்டுங்கள், பெரும்பாலானோர் பார்க்கப்போவது அதில்தான். பிறகு திரையை அணைத்துவிட்டு ‘என்ன தெரிந்தது?’ என்று கேளுங்கள். விளக்கம் சொல்லக்கூடாது. அவர் சொல்வது உங்கள் தலைப்போடு பொருந்தாவிட்டால் படத்தில்தான் கோளாறு, அவரிடம் இல்லை. மூன்று பேரிடம் கேட்டால் பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும்.

இணையத்தில் பழக ‘டைடி டியூஸ்டே’ நல்ல இடம். ஆர் என்ற நிரல்மொழி பழகுவோர் 2018 இல் தொடங்கியது, வாரம் ஒரு தரவுத் தொகுப்பு கிட்ஹப் என்ற குறியீடு பகிரும் தளத்தில் வெளியாகும், எந்தக் கருவியிலும் செய்யலாம். ஒரே தரவை மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஒப்பிடுவதில்தான் அதன் பயன். ஆனால் நான்கு திட்டங்களையும் முடிக்குமுன் அங்கே போக வேண்டாம். வாரம் ஒன்று என்ற ஓட்டத்தில் சரிபார்க்கும் பழக்கம் ஊறுமுன்பே நழுவிவிடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் நோக்கம் இருந்தால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கோப்புறை வைத்து, அதில் நான்கு பொருள்களைப் போடுங்கள்: கைபடாத மூலக் கோப்பு, சரிசெய்த கோப்பு, இறுதிப் படம், அரைப் பக்கக் குறிப்பு. குறிப்பில் கேள்வி என்ன, தரவு எங்கிருந்து எந்த நாளில் எடுத்தது, எவற்றை ஏன் நீக்கினீர்கள், எந்த அறிந்த எண்ணோடு சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பணியிடத் தரவை இதில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். டேப்லோ பப்ளிக் போன்ற இலவசத் தளங்களில் வெளியிடுவது எல்லோர் கண்ணிலும் படும்.

மூலக் கோப்பை ஒருமுறைகூடத் திறந்து திருத்தாதீர்கள். நகலெடுத்த கோப்பில்தான் எல்லா வேலையும். ஆறு மாதம் கழித்து யாராவது ‘தர்மபுரி எண் சரிதானா?’ என்று கேட்கும்போது திரும்பிப் போய்ப் பார்க்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு கோப்புதான்.